கண்முன் இருந்தும் ஏன் தெரியவில்லை? பார்வைக் கவனமும் கண்டுகொள்ளும் வேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்து நடந்த இடத்தில் ஓட்டுநர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "வண்டி வந்ததை நான் பார்க்கவே இல்லை." சுற்றி நிற்பவர்கள் அதைப் பொய் என்பார்கள், இல்லையென்றால் அலட்சியம் என்பார்கள். அது முழு உண்மையாகவும் இருக்கலாம். கண் திறந்திருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, வண்டி எதிரே வருகிறது. கவனம் மட்டும் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. கவனம் ஓரிடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போக நேரம் பிடிக்கும். அந்த நேரம் எவ்வளவு, அதற்குள் என்னவெல்லாம் தவறிப்போகிறது என்பது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கண் போகும் இடத்துக்குத்தானே கவனமும் போகும்? இரண்டும் வேறு வேறா?

பெரும்பாலும் சேர்ந்தே போகும், ஆனால் பிரித்துவிடலாம். இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் பார்வையை ஊன்றுங்கள். கண்ணை அசைக்காமல் அதற்கு நேர் கீழே இரண்டு வரி தள்ளி இருப்பதைக் கவனியுங்கள். எழுத்து மங்கலாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த இடம் சற்று முன்னுக்கு வந்து நிற்பதை உணர்வீர்கள். முன்வரிசை மாணவனிடம் பேசிக்கொண்டே கடைசி பெஞ்சைக் கண்காணிக்கும் ஆசிரியர்கள் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள்.

இதை முதலில் சோதனையாகச் செய்து காட்டியவர்களில் ஒருவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவர் ஓர் இருட்டுப் பெட்டிக்குள் எழுத்துகள் அச்சிட்ட தாளை வைத்தார். நடுவில் ஊசித்துளை வழியாக வரும் ஓர் ஒளிப்புள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியாது. கண்ணை அந்தப் புள்ளியிலேயே நிறுத்திக்கொண்டு, தாளின் எந்த மூலையைக் கவனிப்பது என்று மனத்துக்குள் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டார். பிறகு ஒரு மின்பொறி ஒரு கணம் பெட்டியை வெளிச்சமாக்கி அணைந்தது. கண் நகர்வதற்கு அந்த வெளிச்சம் போதாது. ஆனாலும் அவர் மனத்தில் குறித்து வைத்திருந்த மூலையின் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. மற்ற மூலைகள் வெறும் கறுப்புப் புள்ளிகளாகவே போய்விட்டன.

கவனம் முன்கூட்டியே போய் நின்றால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

மில்லி விநாடி என்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்று சொன்னால், ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் போஸ்னர் 1980இல் வெளியிட்ட சோதனைகளில், திரையின் நடுவில் முதலில் ஓர் அம்புக்குறி தோன்றும். பத்துக்கு எட்டு முறை, அம்பு காட்டிய பக்கத்திலேயே விளக்கு எரியும். மற்ற இரண்டு முறை எதிர்ப்பக்கத்தில். பங்கேற்றவர்கள் கண்ணை நடுவிலிருந்து எடுக்கக் கூடாது.

அம்பு சரியான பக்கத்தைக் காட்டியபோது பதில் சில பத்து மில்லி விநாடி முந்தியது. தவறான பக்கத்தைக் காட்டியபோது ஏறக்குறைய அதே அளவு பிந்தியது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஓரிடத்தில் கிடைத்த வேகத்துக்கு மற்றோர் இடத்தில் தாமதம் ஈடாகிவிடுகிறது. கவனத்தைத் தவறான இடத்தில் வைத்திருப்பவர், எங்குமே வைக்காதவரைவிடவும் பின்தங்குகிறார்.

சில பத்து மில்லி விநாடி என்ன பெரிய வித்தியாசம்?

தனியாகப் பார்த்தால் சொற்பம்தான். ஆனால் அந்தச் சோதனையில் இருந்ததே ஒரு விளக்கு, இரண்டு பக்கம். கடைத்தெருவில் நூறு பொருள்கள் போட்டியிடும்.

ஆன் டிரைஸ்மன், கேரி ஜெலாடே ஆகிய இருவரும் அதே 1980இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தது. பச்சை எழுத்துகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு எழுத்து இருந்தால், எத்தனை பச்சை எழுத்துகள் இருந்தாலும் சிவப்பு சட்டென்று கண்ணில் படும். நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும் என்ற நிலை வந்தால் கதை மாறிவிடும். கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு பொருளும் சில பத்து மில்லி விநாடியைக் கூட்டிக்கொண்டே போகும். முப்பது பொருள்கள் இருந்தால் ஒரு விநாடிக்கு மேல் ஆகிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும்.

ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டில், நாம் கவனித்தது முன்னால் நடந்ததாகத் தோன்றுமா?

ஆம். இதற்காக ஒருவர் வேலையே இழந்திருக்கிறார்.

இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நட்சத்திரம் நடுவானைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கும் வேலை இப்படி நடந்தது. தொலைநோக்கியின் கண்ணாடிக்குள் மெல்லிய கம்பிகள் செங்குத்தாக இருக்கும். உதவியாளர் முதலில் கடிகாரத்தைப் பார்த்து விநாடியை மனத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து, காதால் கடிகாரத்தின் 'டிக்' ஒலியை எண்ணிக்கொண்டே, நட்சத்திரம் கம்பியை நோக்கி நகர்வதைப் பார்ப்பார். கம்பியைத் தாண்டுவதற்கு முந்தைய டிக்கில் நட்சத்திரம் எங்கே இருந்தது, அடுத்த டிக்கில் எங்கே இருந்தது என்று நினைவில் பிடித்து, இடைப்பட்ட தூரத்தை மனத்துக்குள் பத்தாகப் பங்கிட்டு, விநாடியின் பத்தில் ஒரு பங்கு வரை குறிக்க வேண்டும். கண்ணுக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை, கவனம் ஒன்றுதான்.

அரச வானியலாளர் நெவில் மாஸ்கெலினின் உதவியாளராக இருந்தவர் டேவிட் கின்னெப்ரூக். தொடக்கத்தில் இருவரின் அளவீடுகளும் ஒத்துப்போயின. 1795 ஆகஸ்டிலிருந்து கின்னெப்ரூக்கின் நேரங்கள் அரை விநாடி பிந்தத் தொடங்கின. எச்சரித்தும் சரியாகவில்லை, மேலும் வளர்ந்து 0.8 விநாடியைத் தொட்டது. 1796இல் மாஸ்கெலின் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். அந்தப் பணியில் 0.8 விநாடி என்பது சிறிய பிழை அல்ல. பூமி சுழலும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், பூமத்திய ரேகையில் அது சுமார் 370 மீட்டர் தூரத்துக்குச் சமம்.

அந்த இளைஞரிடம் குறையே இல்லாமலும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வருவதற்கு ஒரு தலைமுறை கடந்தது. அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் இருந்த வானியலாளர் ஃபிரீட்ரிக் பெசல், இந்தச் செய்தியைப் பின்னாளில் படித்துவிட்டு, 1820களில் தன் அளவீடுகளை மற்ற தேர்ந்த வானியலாளர்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களுக்குள்ளும் ஒரு விநாடிக்கு மேல் வேறுபாடு இருந்தது. யாரும் சோம்பேறி இல்லை, யாரும் ஏமாற்றவில்லை.

ஒலியைக் கவனித்துக்கொண்டிருப்பவருக்கு ஒலி முந்தி வந்துவிடும்; நட்சத்திரத்தைக் கவனிப்பவருக்கு நட்சத்திரம் முந்திவிடும். வேறுபாட்டுக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆளாளுக்குக் கணிக்கும் பழக்கமும் மாறும். ஆனால் கவனிக்கப்பட்ட பொருள் உணர்வுக்கு முந்தி வருகிறது என்பதை உளவியலாளர் எட்வர்ட் டிட்செனர் 1908இல் ஒரு விதியாகவே எழுதினார். பிற்காலச் சோதனைகளும் அதை உறுதி செய்திருக்கின்றன. 1850களில் கிரீனிச்சில் மின்சாரப் பதிவுக் கருவி வந்தது. காதால் எண்ணும் வேலை போய், நட்சத்திரம் கம்பியைத் தொட்டதும் பொத்தானை அழுத்தினால் போதும் என்றானது. வேறுபாடுகள் பெரிதும் குறைந்தன. மனிதரை மாற்றிப் பார்த்துச் சரியாகாதது, வேலையின் அமைப்பை மாற்றியதும் சரியானது. கின்னெப்ரூக் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1802இல் இறந்துவிட்டார்.

கால்பந்தில் ஆஃப்சைட் முடிவுகள் தவறுவதற்கும் இதுதான் காரணமா?

ஒரு பெரிய காரணம். பந்து உதைக்கப்படும் கணத்தில் முன்கள வீரர் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றாரா என்பதைக் கோட்டு நடுவர் சொல்ல வேண்டும். உதைப்பவர் ஓர் இடம், தடுப்பாளர் நிற்கும் கோடு இன்னோர் இடம். உதையைக் கண்டு கவனத்தைக் கோட்டுக்கு மாற்ற 100 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கள வீரர் ஒரு திசையிலும் தடுப்பாளர் எதிர்த்திசையிலும் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதற்குள் இருவருக்கும் இடையிலான நிலை 1.4 மீட்டர் மாறிவிடும். நடுவர் நேர்மையாகக் கண்டதைத்தான் சொல்கிறார். அவர் கண்டது கொஞ்சம் பிந்தைய காட்சி. நிற்கும் கோணமும் இதோடு சேர்ந்து குழப்பும். 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் உணர்கருவியை வைத்து உதைத்த கணத்தைப் பதிவு செய்தபோது, கிரீனிச்சில் நடந்தது போலவே, இரண்டு இடத்தைச் சேர்த்துக் கவனிக்கும் பாரம் மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டது.

நாமாகத் திருப்பும் கவனத்துக்கும், தானாக இழுபடும் கவனத்துக்கும் வேகத்தில் வேறுபாடு உண்டா?

உண்டு. ஓரத்தில் ஏதாவது பளிச்சிட்டால் கவனம் சுமார் 100 மில்லி விநாடியில் அங்கே போய்விடும். நம் அனுமதியைக் கேட்காது. நாமாக முடிவு செய்து திருப்பினால் ஏறக்குறைய 300 மில்லி விநாடி ஆகும், ஆனால் வேண்டிய வரை அங்கேயே பிடித்து வைக்கலாம்.

தானாக இழுபடுவதில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. போஸ்னரும் யோவ் கோயனும் 1984இல் காட்டியது இது: பளிச்சிட்ட இடத்தில் முதல் ஒரு கணம் வேகம் கூடும். சுமார் 300 மில்லி விநாடி கடந்ததும் நிலைமை தலைகீழாகி, அதே இடத்தில் ஏதாவது தோன்றினால் கண்டுகொள்ளத் தாமதமாகும். 'இப்போதுதானே பார்த்தோம், அங்கே ஒன்றுமில்லை' என்று கவனம் திரும்பிப் போக மறுக்கிறது. தொலைந்த சாவியைத் தேடும்போது ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடாமல் புதிய இடங்களுக்குப் போக இது உதவுகிறது. சாலைச் சந்திப்பில் இதுவே எதிராகத் திரும்பலாம்.

கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது என்ன நடக்கிறது?

சற்று நேரம் நாம் பார்வையற்றவர்களாக இருக்கிறோம். கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. தாவத் தொடங்கவே சுமார் 200 மில்லி விநாடி ஆகும். தாவல் சில பத்து மில்லி விநாடியில் முடியும். தாவும்போது காட்சி இழுபட்டு மங்கும் அல்லவா, அதை மூளை அடக்கிவிடுகிறது. இடைவெளி இருந்ததே நமக்குத் தெரிவதில்லை.

விநாடி முள் உள்ள சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பாருங்கள். சில முறை முதல் விநாடி வழக்கத்தைவிட நீளமாக, முள் நின்றுவிட்டது போலவே தோன்றும். கண் தாவிய இருட்டு நேரத்தையும், தாவிய பிறகு கண்ட காட்சியின் கணக்கிலேயே மூளை எழுதிவிடுகிறது.

ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே இப்படி ஒரு வெற்றிடம் விழுந்தால் பெரிய மாற்றங்கள்கூட மறைந்துபோகும். ரொனால்ட் ரென்சிங்கும் அவருடைய குழுவினரும் 1997இல் ஒரே படத்தின் இரண்டு வடிவங்களை மாறி மாறிக் காட்டி, நடுவே 80 மில்லி விநாடி வெற்றுத் திரையைச் செருகினார்கள். விமானத்தின் எஞ்சின் ஒன்று தோன்றி மறைவதைக்கூடப் பலர் நெடுநேரம் கண்டுபிடிக்கவில்லை. அந்த வெற்றுத் திரையை எடுத்துவிட்டால் மாற்றம் உடனே தெரியும்.

நேரே பார்த்தும் காணாமல் போக முடியுமா? நம்பவே முடியவில்லை.

கூடைப்பந்து வீடியோவில் கொரில்லா வேடமிட்டவர் நடந்துபோனதை, பந்து எறிதல்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் காணவில்லை என்ற 1999ஆம் ஆண்டுச் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். "அவர்கள் சாதாரண மாணவர்கள், பயிற்சி பெற்றவர்கள் கண்டிருப்பார்கள்" என்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. 2013இல் வெளியான ஆய்வில், நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கேட்டார்கள். படத்தில், ஒரு கட்டியைப் போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். 20 மருத்துவர்கள் அதைக் காணவில்லை. கண் அசைவைப் பதிவு செய்த கருவி, அந்த இருபதில் பெரும்பாலோரின் பார்வை கொரில்லா இருந்த இடத்தில் நேராகவே பதிந்ததைக் காட்டியது.

இதை வைத்து மருத்துவர்களைக் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. அவர்கள் கவனம் சிறிய வெள்ளைப் புள்ளிகளுக்காகக் கூர்தீட்டப்பட்டிருந்தது; கறுப்பு உருவம் அதன் வழியில் வரவில்லை. அந்தக் கூர்மை இல்லாவிட்டால் கட்டிகளையும் தவறவிட்டிருப்பார்கள்.

விமான நிலையத்தில் பைகளைச் சோதிப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அரிதாக வரும் பொருளைத் தேடுவது மிகக் கடினம். ஜெரமி வுல்ஃபும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட சோதனையில், பாதிப் படங்களில் தேடும் பொருள் இருந்தபோது பங்கேற்றவர்கள் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது அது 30 சதவீதமாக உயர்ந்தது. 'இல்லை, இல்லை' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய மனம், தேடலைச் சீக்கிரமே முடித்துவிடுகிறது.

அதனால்தான் பல விமான நிலையங்களின் எக்ஸ்ரே கருவிகள் அவ்வப்போது துப்பாக்கி, கத்தி போன்ற பொய்ப் படங்களைத் தாமாகவே திரையில் செருகுகின்றன. பணியாளரும் இடையிடையே மாற்றப்படுகிறார். தொடர்ந்து கண்காணிப்பவரின் திறன் முதல் அரைமணி நேரத்திலேயே சரியத் தொடங்குவதை நார்மன் மாக்வொர்த் 1948இல் காட்டிவிட்டார். இரண்டாம் உலகப் போரின் ராடார் பணியாளர்களை மனத்தில் வைத்து அவர் அமைத்த சோதனை அது.

ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினால் ஆபத்து இல்லைதானே? கண் சாலையில்தானே இருக்கிறது?

இந்த நம்பிக்கை பரவலாக இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. டேவிட் ஸ்ட்ரேயரும் குழுவினரும் வண்டி ஓட்டும் பாவனைக் கருவியில் சோதித்தபோது, ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசிக்கொண்டே ஓட்டியவர்கள், தாங்கள் நேராகப் பார்த்த விளம்பரப் பலகைகளைக்கூடப் பின்னர் அடையாளம் காணத் தடுமாறினார்கள். கை கட்டுப்பட்டிருப்பது பாதிப் பிரச்சினைகூட இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் சாலையைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார்; தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு லாரி தெரியாது.

தேர்ந்த கிரிக்கெட் மட்டையாளர்கள் கண்ணைப் பந்திலிருந்து எடுப்பதே இல்லையா?

எடுக்கிறார்கள். "பந்தைக் கடைசி வரை பார்" என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு மாறாக, மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மூன்று மட்டையாளர்களின் தலையில் சிறு கேமரா பொருத்திப் பார்த்தபோது, பந்து வெளிப்படும் கணத்தில் கண் அங்கே நிற்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முந்திக்கொண்டு தாவிக் காத்திருக்கிறது. மூவரில் திறமை மிக்கவரின் கண் சீக்கிரம் தாவியது. வேகப்பந்து வந்து சேர ஏறக்குறைய அரை விநாடிதான். பின்னாலேயே துரத்தும் கண்ணுக்கு அது போதாது.

கவனத்தை வேகமாக்கும் செயலிகள், விளையாட்டுகள் பலன் தருமா?

அதிரடி வீடியோ விளையாட்டுகளை ஆடுபவர்கள் சில கவனச் சோதனைகளில் முந்துவதாக 2003இல் ஷான் கிரீனும் டாஃப்னே பாவெலியேவும் காட்டினார்கள். அந்தத் திறன் சாலைக்கும் வேலைக்கும் எவ்வளவு கடந்து வரும் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. காசு கொடுத்துச் செயலி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிதாக வண்டி ஓட்டப் பழகுபவருக்கு இதிலிருந்து என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

சந்திப்பில் தலையை ஒரே வீச்சில் இடமும் வலமும் திருப்பக் கூடாது. அப்படித் திருப்பினால் கண் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நின்று, நடுவே இருப்பதைத் தாண்டிப் போய்விடும். குறுகலான பைக் ஒன்று அந்த இடைவெளியில் முழுதாக மறைந்துவிடும். தூரம், நடுத்தூரம், அருகில் என்று ஒவ்வொன்றிலும் கண்ணை ஒரு கணம் நிறுத்த வேண்டும். பிறகு மறுமுறையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒருமுறை 'காலி' என்று முடிவு செய்த இடத்தைக் கவனம் எளிதில் திரும்பிப் பார்க்காது. முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்குப் பின்னால் பைக் ஒன்று நம் வேகத்துக்கு ஏற்பவே நகர்ந்து மறைந்து வரக்கூடும். உடம்பைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் அது வெளிப்பட்டுவிடும். கார் வருகிறதா என்று மட்டும் தேடாமல், "பைக் எங்கே, சைக்கிள் எங்கே, நடப்பவர் எங்கே" என்று பெயர் சொல்லித் தேடப் பழக்குங்கள். தேடும் பொருளின் உருவம் மனத்தில் இருந்தால் அது சீக்கிரம் கண்ணில் படும்.